ஆர்தர் ஸ்கெல்டர்பி அழித்த கோடு

போன மாதம் நந்தினி தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு கிளினிக்கில் என் கதிரையில் உட்கார்ந்திருக்கும் கோயம்புத்தூர்ப் பெண். பழைய வம்சப் படங்களை எல்லாம் கணினிக்குள் ஏற்றுகிறார்களாம். இனிமேல் பென்சில் கிடையாது. பெயரைத் தட்டினால் கோடு தானாக விழும்.

"ஆன்ட்டி, ஒரு படத்துல நடுவுல பேப்பர் தேஞ்சு கிழியுற மாதிரி இருக்கு. அதுக்கு மேல ஒரு புள்ளிக் கோடு. ஸ்கேன்ல அழுக்கு மாதிரி தெரியுது. க்ளீன் பண்ணிடவா?"

"எந்தக் குடும்பம்?"

"ஸ்கெல்டர்பி."

"அதிலை கை வையாதை பிள்ளை. அது அழுக்கில்லை" என்றேன்.

ஏன் என்று கேட்டாள். தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயம் அல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன். நோயாளிகளின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று பழகிய நாக்கு என்னுடையது. ஆகவே இதில் வரும் பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. ஸ்கெல்டர்பி என்பதும் அப்படித்தான். உண்மைப் பெயர் அதைவிட அரிது.

தென் லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைக் கடதாசியில் எடுக்கிற வேலையில்தான் நான் சேர்ந்தேன். பல வருடம் அதையே செய்தேன். பிள்ளைகள் வளர்ந்ததும் மாலை வகுப்புக்குப் போனேன், சோதனை எழுதினேன், ஒன்றில் தோற்றேன், திரும்ப எழுதினேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

பரம்பரை இதய நோய்க் கிளினிக்குக்கு என்னை இழுத்துக்கொண்டவர் டாக்டர் தமயந்தி. மலேசியாவில் ஈப்போக்காரி. படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நோயாளிகளோடும் மற்ற டாக்டர்களோடும் ஆங்கிலம். அறைக் கதவு சாத்தியிருந்தால் என்னோடு தமிழ். என் யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டு அவர் சிரிப்பார். அவருடைய தமிழைக் கேட்டு நான் சிரிக்க மாட்டேன், அவர் மேலதிகாரி.

அவர் பார்த்த நோய், இதயத்தின் சுவர் தடித்துப் போகிற நோய். சிலருக்கு மூச்சு வாங்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது, ஒரு நாள் விழும்வரை. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயம் சுண்டிப் பார்க்கிற கணக்குத்தான்: பூவோ தலையோ. ஆகவே ஒருவருக்கு இருப்பது தெரிந்தால் அவருடைய முழுச் சொந்தத்தையும் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் வம்சப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் உள்ளே கறுப்பு, செத்துப்போனால் குறுக்கே ஒரு கோடு. அந்தப் படம் கீறுவதுதான் என் வேலை.

டாக்டருக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. "பயப்படாதீங்க" என்று அவர் அறையில் ஒருவரும் சொல்லக்கூடாது. "பயப்படாதீங்கன்னு சொன்னாதான் ஆளுங்க பயப்படுவாங்க" என்பார். முடிவு சொல்லும் நாளில் முதல் வாக்கியத்திலேயே முடிவைச் சொல்லிவிட வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பது, மழையைப் பற்றிப் பேசுவது, ஒன்றும் கூடாது. மூன்றாவது பிடிவாதம் பென்சில். படத்தைப் பென்சிலால்தான் கீற வேண்டும். எல்லாம் சரிபார்த்து, குடும்பத்துக்கு முன்னால் வாசித்து முடித்த பிறகுதான் மை.

"ஏன் டாக்டர், நேர மிச்சத்துக்கு முதலே பேனையாலை எழுதினால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உண்மைய யாரும் முதல் தடவ சொல்றதில்ல செல்வா. ரெண்டாவது தடவதான் சொல்வாங்க. அதுவரைக்கும் இடம் விட்டு வைக்கணும்."

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் வயிற்றுக் கேள்வி. அது எங்கள் ஆட்களால் வந்தது. மோர்டனில் இருந்து நவரத்தினம் என்று ஒருவர் வந்தார். எனக்கு முன் இந்த வேலையில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அவரிடம் ஆங்கிலத்தில் சகோதரர் எத்தனை என்று கேட்க, மனிதர் ஏழு பேர் என்றிருக்கிறார். வயதையும் சொல்லியிருக்கிறார். டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அப்போது வயர் ஒட்டிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"செல்வா, இத பாருங்க. இந்தம்மா ஒரே வருஷத்துல மூணு பேரப் பெத்திருக்காங்க. இரட்டைப் பிள்ளையும் இல்லயாம்."

நான் வெளியே போய் நவரத்தினத்துக்குப் பக்கத்தில் இருந்தேன். "அண்ணை, ஒரு வயித்துப் பிள்ளையள் எத்தினை பேர்?"

"ஓ, அப்பிடிக் கேக்கிறியளோ. அப்பிடியெண்டால் நாங்கள் ரெண்டு பேர்தான்" என்றார், தன்னிடம் ஒருவரும் முறையாகக் கேட்கவில்லை என்ற முகத்தோடு. மற்ற ஐந்து பேரும் பெரியப்பா, சித்தப்பாவின் பிள்ளைகள். எங்களுக்கு அவர்களும் அண்ணன் தம்பிதானே. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த திங்களிலிருந்து அந்தக் கேள்வியை எல்லாக் குடும்பத்திடமும் கேட்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வெள்ளைக்காரரிடமும். அவர்களுக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஒரே குடும்பப் பெயர் இருக்கிறதே, பிறகென்ன கேள்வி என்பார்கள். நான் புன்சிரிப்போடு திருப்பிக் கேட்பேன். எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

இனிக் கெவின்.

கெவின் ஸ்கெல்டர்பி குழாய் வேலை செய்கிறவன், முப்பத்தைந்துக்குள் இருக்கும். ஒரு வீட்டில் மாடிக்குக் குளியல் தொட்டி தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்தான். அந்த வீட்டுக்கார அம்மா ஒரு தாதி. அவர் நெஞ்சை அமத்தி உயிரைப் பிடித்து வைத்தார். எங்களிடம் வந்தபோது அவனுடைய நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தாயிற்று. இதயம் தடுமாறினால் அதுவே அடித்து எழுப்பும். அவனுடைய அப்பா இளவயதில் செத்தவர். அப்பப்பாவும் அப்படியே. ஆய்வுகூடம் அவனுடைய இரத்தத்தில் நோயின் வேரைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிரித்துவிட்டது. அந்த வருடங்களில் பல குடும்பங்களுக்கு அப்படித்தான் வந்தது. ஆகவே இரத்தம் சோதித்து இவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. எங்களிடம் இருந்தது இதய ஸ்கேனும் வம்சப் படமும் மட்டுமே.

சொந்தக்காரரை நாங்களாகக் கூப்பிடக்கூடாது என்பது விதி. குடும்பத்தில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். கெவினுக்கோ ஒருவரையும் தெரியாது. அவன் லண்டன் தொலைபேசிப் புத்தகத்தைப் பிரித்தான். பெயர் அரிது என்பதால் தேடும் வேலை சுகமாக இருந்தது. முதலில் அகப்பட்டவர் ஈஸ்ட் ஹாமில் இருந்த ஆர்தர் ஸ்கெல்டர்பி.

கெவின் நோய் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கத்தில் மனிதர் சந்தோசத்தில் குதித்திருக்கிறார். ஏனென்றால் ஆர்தர் தன் வாழ்நாள் முழுக்கச் செய்த ஒரே பொழுதுபோக்கு, ஸ்கெல்டர்பி என்ற பெயர் உள்ளவர்களைச் சேர்ப்பதுதான்.

மறு கிழமையே கிளினிக்குக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பஸ் சாரதி, அறுபத்தெட்டு வயது. தோளில் நீட்டு மட்டைக்குழாய், அதற்குள் சுருட்டிய பிரிட்டன் தேசப்படம், படம் முழுக்கக் குண்டூசி. அவர் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம். ஆனால் என் தலைக்குள் அவர் இப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார். அப்படியே எழுதுகிறேன், மற்றவர்கள் பேசிய ஆங்கிலத்தையும் தமிழாக்கி.

"ஸ்கெல்டர்பி எண்ட பேர் உள்ள எல்லாரும் ஒரு வீட்டுச் சனம், மிஸஸ் சிவா. ஒரே ஒரு ஊர். லிங்கன்ஷயர் கடற்கரையிலை இருந்தது. இப்ப இல்லை, கடல் கொண்டு போட்டுது."

'பி' என்று முடிகிற ஊர்கள் பழைய காலத்தில் கடல் தாண்டி வந்த டென்மார்க்காரர் வைத்தவை என்றார். ஊருக்குள் இருந்தவரை ஒருவருக்கும் அந்தப் பெயர் இல்லை. ஊரைவிட்டுப் போனவனைத்தான் மற்ற ஊர்க்காரர் ஸ்கெல்டர்பி என்று கூப்பிட்டார்கள். இது எனக்கு உடனே விளங்கியது. கொழும்பில் என் மாமாவை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, சுன்னாகத்தார் என்றுதான் சொல்வார்கள். சுன்னாகத்தில் யார் அப்படிக் கூப்பிடப் போகிறார்கள்? ஆனால் மாமாவின் பட்டம் மாமாவோடு போயிற்று. இவர்களுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். கடற்கரையோரம் ஒரு கொத்து. மீன்பிடிக்க வடக்கே போனவர்கள், ஹல் துறைமுகத்தில் ஒரு கொத்து. வேல்ஸ் சுரங்கப் பக்கம் இரண்டொன்று. துறைமுக வேலைக்கு லண்டன் வந்தவர்கள், ஈஸ்ட் ஹாமைச் சுற்றி ஒரு சின்னக் கொத்து. நாடு முழுக்க இருக்கிற ஸ்கெல்டர்பிகளை எங்கள் கோயில் அன்னதானத்தில் ஒரு பந்தியில் இருத்திவிடலாம். எனக்கு அன்று வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். மனிதர் விடுவதாயில்லை.

"உங்கட குடும்பப் பேர் எவ்வளவு பழசு?" என்று என்னைக் கேட்டார்.

"சிவா எண்டது என்ரை மனுசன்ரை பேர். அவற்றை தேப்பனுக்கு வேறை பேர். என்ரை மகன்ரை பிள்ளைக்கு மகன்ரை பேர் வரும்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அப்ப உங்கட சனத்தை எப்பிடிக் கண்டுபிடிக்கிறனியள்?"

"கேட்டுத்தான்" என்றேன்.

அவர் கொண்டுவந்த விபரங்களோடு படம் கீறினேன். கெவினின் அப்பப்பாவும் ஆர்தரின் அப்பாவும் அண்ணன் தம்பி. ஏதோ சண்டையில் இரண்டு குடும்பமும் பேசாமல் போய்விட்டது. ஆர்தரின் அப்பா என்னமாதிரிச் செத்தார் என்று கேட்டேன். துறைமுகத்தில் பலகையில் நடக்கும்போது விழுந்தார் என்றார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. விழுந்ததால் செத்தாரா, செத்ததால் விழுந்தாரா என்று ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் தலையை நிமிர்த்தி ஆர்தரைப் பார்த்தார். சந்தோசமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதருக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் ஒரு வீட்டுச் சனம் என்றால், நோயும் அந்த வீட்டினதுதானே.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறாள்" என்றார். "பிள்ளைத்தாச்சி."

மகள் ஜூலி நீச்சல் பழக்குகிறவள். கவுன்சில் நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு, ஓய்வில் தனக்கு நீச்சல். முப்பத்தாறு வயதில் முதல் குழந்தை, ஐந்து மாதம். தகப்பனையும் மகளையும் ஸ்கேன் செய்தோம். ஆர்தருக்கு இதயச் சுவர் கொஞ்சம் தடிப்பு, ஆனால் பழைய இரத்த அழுத்தக்காரர், அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. ஜூலிக்கும் தடிப்பு, சரியாக எல்லைக் கோட்டில்.

டாக்டர் ஜூலியை விடத் தாழ்வான கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்.

"சுவர் தடிப்பு எல்லைக் கோட்டுல இருக்கு. தினம் நீந்துறவங்களுக்கு இந்த அளவு வரும். வேற யாராவதா இருந்தா, இது நீச்சல்காரி இதயம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிடுவேன். உங்க அப்பா வீட்டு ஆளுங்களப் பார்த்தா அப்படிச் சொல்ல எனக்குத் தைரியம் வரல."

நோய் இருப்பதாகத்தான் நடக்க வேண்டும் என்றார். நீச்சலை இன்றோடு நிறுத்த வேண்டும். மருந்துக் குளிசை தொடங்க வேண்டும். பிரசவம் இதய டாக்டர்கள் பக்கத்தில் நிற்க, சத்திரசிகிச்சையாக இருக்கலாம். பிறகு கெவினுக்கு வைத்த கருவியும் தேவைப்படலாம். ஜூலி மடியில் வைத்திருந்த நீச்சல் பையின் சிப்பைத் திறந்து திறந்து பூட்டிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்கு?"

"உங்களுக்கு இருந்தா, பாதிக்குப் பாதி. பத்து வயசிலிருந்து பார்த்துக்கிட்டே வரணும்."

"அப்ப அதுகும் நீந்தக் கூடாது."

ஆர்தர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைபோட முன் படத்தை வாசிக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு விருப்பமில்லை, ஆனாலும் வாசித்தேன். ஒவ்வொரு கோட்டிலும் நிறுத்தி வயிற்றுக் கேள்வி. இவர் இவருடைய பெற்ற பிள்ளையா? ஓம். இவர்? ஓம். ஆர்தரின் அப்பாவிடம் வந்தேன். அவருக்கு மட்டும் பிறப்புப் பத்திரம் வரவில்லை. அந்த வருடத்துப் பதிவு தவறிவிட்டது என்று ஆர்தர் முன்பே சொல்லியிருந்தார்.

"உங்கட அப்பாவும் கெவின்ரை அப்பப்பாவும் ஒரு தாய் வயித்துப் பிள்ளையளோ?"

"மிஸஸ் சிவா, சேர்ச் பதிவுப் புத்தகங்கள் வரமுன்னமே நாங்கள் ஸ்கெல்டர்பியள்" என்றார். முகம் சிவந்துவிட்டது.

"டாட், அவ எல்லாரையும் கேக்கிறவ" என்றாள் ஜூலி.

"ஓம் எண்டு எழுதுங்கோ."

பத்திரம் இல்லாததால் அந்தக் கோட்டை மட்டும் பென்சிலிலேயே விட்டேன். டாக்டர் பார்த்தார், தலையசைத்தார். அன்று மாலை ரயிலில் வழி முழுக்க எனக்கு அந்த நீச்சல் பை சிப்பின் சத்தமே கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மனிதரை ஏன்தான் கெவின் கண்டுபிடித்தானோ என்றுகூட நினைத்தேன். நல்லதற்குத்தான் சொன்னோம், ஆனால் சந்தோசமாக இருந்த ஒரு பெண்ணைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தோம்.

அடுத்த கிழமை ஆர்தர் தனியாக வந்தார். அப்பொயின்ட்மென்ட் இல்லை. கிளினிக் நிறைய ஆட்கள், எனக்கோ எரிச்சல். திரும்பவும் குண்டூசிக் கதைதான் என்று நினைத்து, ஐந்து நிமிடம்தான் தரலாம் என்றேன். அவரிடம் படமும் இல்லை, குழாயும் இல்லை. உட்காரவும் இல்லை.

"அப்பாவைப் புதைச்ச அண்டைக்கு எனக்குப் பதினைஞ்சு வயசு. வீட்டை வந்து சப்பாத்தைக் கழட்டிக்கொண்டே அம்மா சொன்னா. அப்பா அந்த வீட்டுப் பிள்ளை இல்லையாம்."

நான் கதவைச் சாத்தினேன். அவர் சொன்னது இதுதான். ஸ்கெல்டர்பி வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் பிரசவத்தில் செத்துப்போனாள். குழந்தையின் தகப்பன் கப்பலில் போனவன், வரவேயில்லை. அப்போது ஸ்கெல்டர்பி மனுசி தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையையும் எடுத்து அதே பாலைக் கொடுத்து இரண்டையும் வளர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் தத்துக்கு எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. தெருவுக்குத் தெரியும், அவ்வளவுதான். தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது செத்துவிட்டார்கள்.

"அப்பாவும் போய், அப்பான்ரை பேரும் போறதெண்டால் எனக்குத் தாங்கேலாமல் போச்சு" என்றார். "அந்த மாரிகாலத்திலைதான் ஸ்கெல்டர்பியளைச் சேர்க்கத் தொடங்கினனான். சேர்க்கச் சேர்க்க, அம்மா சொன்னதை நான் கேக்காத மாதிரியே போச்சு. கெவின் போன் எடுத்தவுடனை எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ? இவ்வளவு நாளைக்குப் பிறகு ஒரு சொந்தம் என்னைத் தேடுது எண்டு."

"நான் கேட்டனான், நீங்கள் ஓம் எண்டியள்."

"ஓம் எண்டனான். நேற்று ஜூலி நீச்சல் பையை அலுமாரிக்கு மேலை தூக்கி வைச்சாள். வைச்சிட்டுக் கீழை இறங்கிப் போனாள்." அவர் மேசையைப் பார்த்தார். "அந்தப் படத்தை எடுங்கோ. அழிரப்பர் இருக்கோ?"

விதிப்படி படத்தில் நோயாளி கை வைக்கக்கூடாது. நான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, தன் அப்பாவின் சதுரத்தையும் மேலே ஸ்கெல்டர்பிகளையும் சேர்த்த கோட்டை அழித்தார். கோடு போன பிறகும் அழித்துக்கொண்டே இருந்தார். கடதாசி பஞ்சு பஞ்சாகக் கிளம்பிற்று. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். என் மனம் இரண்டுபட்டு நின்றது. மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் உள்ளே ஒருத்தி, ஜூலி தப்பிவிட்டாள், ஜூலி தப்பிவிட்டாள் என்று துள்ளிக்கொண்டிருந்தாள்.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டுக் கோபிக்கவில்லை. ஆர்தருக்குப் பக்கத்தில் இருந்து, என் பென்சிலை எடுத்து, ஆர்தரின் அப்பாவுடைய சதுரத்துக்கு இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டார். தேய்ந்த இடத்துக்கு மேலாக, மெல்ல, புள்ளி புள்ளியாக ஒரு கோடு கீறினார்.

"வளர்த்த பிள்ளைக்குப் புள்ளிக் கோடு, மிஸ்டர் ஸ்கெல்டர்பி. படத்துல இதுக்கும் இடம் உண்டு. நான் புதுசாக் கண்டுபிடிக்கல, எல்லா நாட்டுலயும் இப்படித்தான் போடுறாங்க."

ஆர்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் டாக்டர் மைக்கு விடவில்லை. முதலில் ஓம் என்றவர், இப்போது இல்லை என்கிறார். ஒரு பெண்ணின் உயிரை இந்த ஒரு வார்த்தையை நம்பி விட ஏலாது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறாமல் போகிற ஒரு பாரம்பரியக் குறி இருக்கிறது, குடும்பப் பெயர் போகிற அதே வழியில். கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்தெடுத்தால் போதும். கெவினையும் ஆர்தரையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆர்தருக்கு இந்தப் பரிசோதனை நன்றாகத் தெரியும். மற்ற ஸ்கெல்டர்பிகள் எல்லாரையும் செய்யச் சொல்லிக் கடிதம் போட்டவர், தான் மட்டும் சாட்டுச் சொல்லித் தள்ளிக்கொண்டு வந்தார்.

முடிவு வரும்வரை ஜூலி குளிசை போட்டாள், குளத்துக்குப் போகவில்லை. ஆர்தர் அந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. கெவினின் சம்மதத்தோடு, தன் படத்திலுள்ள ஒவ்வொரு குண்டூசிக்கும் கடிதம் எழுதினார்: எங்கள் பெயருள்ள ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு நோய், இளவயதில் யாரும் விழுந்திருந்தால் உங்கள் டாக்டரிடம் போங்கள். நாங்கள் எழுத முடியாத கடிதம் அது. ஹல்லில் இருந்து ஒரு லொறிச் சாரதி பதில் போட்டான். அவனுடைய அக்கா இளவயதில் செத்தவளாம். அவன் போய்ப் பார்த்தான், அவனுக்கு நோய் இருந்தது, நேரத்தோடு பிடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் டாக்டர் தன் செலவில் எல்லாருக்கும் கேக் வாங்கினார்.

முடிவு சொல்லும் நாளில் ஆர்தர், ஜூலி, கெவின் மூவரும் வந்தார்கள். ஜூலிக்கு வயிறு நன்றாகத் தெரிந்தது. டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டே, உட்காரும் முன்னமே, சொன்னார்.

"கெவினும் ஆர்தரும் ஒரே தகப்பன் வழி இல்ல. ஜூலி, உங்களுக்கு இந்தக் குடும்பத்து நோய் வர்றதுக்கு வழி இல்ல."

ஜூலி தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"டாட், ஒவ்வொரு கோடை லீவுக்கும் அந்தக் குளிர்க் கடற்கரைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போனியள். எங்கட ஊர், எங்கட ஊர் எண்டு. நாங்கள் ஸ்பெயினுக்குப் போயிருக்கலாம்."

முதலில் சிரித்தவன் கெவின். பிறகு எல்லாரும். ஆர்தர் சிரித்துக்கொண்டே அழுதார், ஜூலி அவருடைய தலையைத் தன் தோளில் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் என்ன என்று கெவின் கேட்டான். "ஸ்மித்" என்றார் ஆர்தர். "ஸ்மித்துக்குக் குண்டூசி குத்த வெளிக்கிட்டால் இந்த நாடே இடம் காணாது." கெவின் போகும்போது, இனி உங்களை என்னெண்டு கூப்பிடுறது என்று கேட்டான். எங்கள் ஆட்களிடம் இரத்தம் பார்த்து முறை சொல்வதில்லை, பெரியப்பா என்றால் பெரியப்பாதான் என்று நான் சொன்னேன். அவன் அதற்குப் பிறகும் அங்கிள் ஆர்தர் என்றுதான் கூப்பிட்டான்.

அவர்கள் போன பிறகு நான் சமையல் மூலைக்குப் போய் ஒரு கோப்பை தண்ணீர் குடித்தேன். இத்தனை கிழமையும் எவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கிறேன் என்று அது இறங்கியபோதுதான் தெரிந்தது. மாலையில் எங்கள் நோர்பரியில் ரயிலை விட்டு இறங்கியதும் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு போனேன். என்ன விசேஷம் என்று வீட்டில் இவர் கேட்டார்.

"ஒரு மனுசன் தன்ரை பரம்பரை முழுக்க இழந்திட்டார். அதுதான்" என்றேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ரோல்ஸை எடுத்தார்.

இலையுதிர் காலத்தில் ஜூலிக்குச் சுகப்பிரசவம், ஆண் பிள்ளை. ஆர்தர் ஆஸ்பத்திரித் தொலைபேசியிலிருந்தே எனக்கு அடித்தார். "பிள்ளைக்கு என்ன பேர் பதியிறாள் தெரியுமோ? தகப்பன்ரை பேரில்லை, எங்கட பேர். ஸ்கெல்டர்பி. நான் வேண்டாம் எண்டன். எங்களுக்கு அந்தப் பேரைப் பால் குடுத்துத் தந்தவை, நீங்கள் ஏன் விடுறியள் எண்டு கேக்கிறாள். மிஸஸ் சிவா, இதை மையாலை எழுதுங்கோ."

விதி என்றால் விதி. ஜூலியின் அடுத்த ஸ்கேன் வரும்வரை பென்சில்தான் என்றேன். நீச்சலால் வந்த தடிப்பென்றால் நீச்சலை விட்டால் இறங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீச்சலை விட்டு மாதக்கணக்கில் இருந்த பிறகு, வசந்தத்தில் அவள் வந்தாள். சுவர் சாதாரண அளவுக்கு இறங்கியிருந்தது, நீச்சல்காரி இதயம்தான். டாக்டர் தன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஆர்தர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க, புள்ளிக் கோட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே மை வைத்தேன். ஜூலியின் வட்டத்திலிருந்து கீழே நேர்க்கோடு கீறி, ஒரு சின்னச் சதுரம் போட்டேன், உள்ளே கறுப்பில்லாமல். அவர் அழித்துத் தேய்த்த இடத்தில் கடதாசி மையை உறிஞ்சிக் கொஞ்சம் பரவிவிட்டது. நந்தினி, உனக்கு அழுக்காகத் தெரிவது அதுதான். நான் ஒற்றுத்தாளை எடுக்கப் போக, ஆர்தர் என் கையை மறித்தார். குனிந்து, பிள்ளையின் நெற்றிக்கு ஊதுவது போல மெதுவாக அதன்மேல் ஊதினார்.

"விடுங்கோ" என்றார். "காயட்டும்."